மதிலில்லாத வாசல்கள்

புதுச்சேரிப் பெரிய மார்க்கெட் நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது கிராண்ட் பஜார். அரசு ஏடுகளில் குபேர் அங்காடி. ஊரார் வாயில் என்றும் பெரிய மார்க்கெட்தான். அங்கே வந்து இறங்கும் கீரைக்கட்டும் பூக்கூடையும் மீன்பெட்டியும் எந்த வழியாக வருகின்றன என்று பார்த்தால் பழைய புதுச்சேரியின் வரைபடம் தானாகக் கண்முன் விரியும். மேற்கிலிருந்து வருகிறவர் அண்ணா சாலையைக் கடந்தாக வேண்டும். வடக்கிலிருந்து வந்தால் பட்டேல் சாலை, தெற்கிலிருந்து வந்தால் சுப்பையா சாலை. கிழக்கே கடற்கரைச் சாலையோடு சேர்ந்து ஊரை முட்டை வடிவில் வளைத்து நிற்கும் இந்தச் சாலைகளைப் பழையவர்கள் இன்னும் புல்வார் என்கிறார்கள். ஏறத்தாழ இதே வளையத்தில்தான் 18ஆம் நூற்றாண்டில் மதிலும் அகழியும் இருந்தன. மதிலில் வாசல்கள் இருந்தன. வடக்கே சென்னப்பட்டணத்து வாசல், தெற்கே கூடலூர் (இன்றைய கடலூர்) வாசல், மேற்குப் பக்கத்தில் வில்லியநல்லூர் வாசல், வடமேற்கில் வழுதாவூர் வாசல். இவற்றில் எதற்கும் தலைக்குமேல் ஒரு வளைவுகூட இன்று மிஞ்சவில்லை. ஆயினும் இந்த வாசல்கள் அழிந்துவிட்டன என்று சொல்வது பாதி உண்மைதான் என்பது இக்கட்டுரையின் வாதம். மற்ற கட்டடங்களைவிட வாசல் தன் இடத்தையும் தன் வழியாக நடக்கும் போக்குவரத்தையும் நம்பி வாழ்வது. அவை இருந்தால் கல் போனாலும் வாசலில் பெரும்பகுதி இருக்கிறது. அவை போனால் கல் முழுதாக நின்றாலும் வாசல் இல்லை. பெரிய மார்க்கெட்டை இடித்துக் கட்டுவதா, பழுது பார்ப்பதா என்ற பேச்சு எழுந்திருக்கும் காலத்தில் இதைத் தெளிவாக்கிக்கொள்வது அவசியம்.

இந்த வாதத்துக்கு மிகத் துல்லியமான சான்று கொரியாவில் கிடைக்கிறது. சியோல் நகரின் கியோங்போக்குங் அரண்மனைக்குத் தெற்கு வாசல் குவாங்ஹ்வாமுன். ஜோசன் அரசமரபை நிறுவிய மன்னர் தேஜோ 1395இல் அரண்மனையோடு சேர்த்து எழுப்பியது. கருங்கல்லால் உயர்த்திய அடித்தளம். அதைக் குடைந்து மூன்று வளைவு வழிகள். நடு வழி அரசருக்கு மட்டும். பக்க வழிகள் பட்டத்து இளவரசருக்கும் அதிகாரிகளுக்கும். கல்லின்மேல் இரண்டடுக்கு மர மாடம், வளைந்து இறங்கும் ஓட்டுக்கூரை. முன்னால் இருபுறமும் ஹேதே என்னும் கற்பனை விலங்கின் சிலைகள். 1592இல் ஜப்பானியர் படையெடுத்தபோது அரண்மனை எரிந்தது. ஏறத்தாழ 270 ஆண்டுகள் பாழாகக் கிடந்தது. 1860களில் மன்னர் கோஜோங்கின் தந்தை தேவோன்குன் அரண்மனையை மீண்டும் கட்டி வாசலையும் எழுப்பினார். கொரியா 1910இல் ஜப்பானின் கைக்குப் போன பிறகு, அரண்மனை வளாகத்துக்குள்ளேயே காலனி அரசின் தலைமை அலுவலகம் பெரிய கல் கட்டடமாக எழுந்தது, 1926இல் முடிந்தது. அதன் முகப்பை வாசல் மறைக்கிறது என்று வாசலை இடித்துவிடத் திட்டமிட்டார்கள். யானாகி முனேயோஷி என்ற ஜப்பானியக் கலை அறிஞரே 1922இல் அந்த வாசலுக்காக இரங்கல் கட்டுரை எழுதினார். இடிப்பு நின்றது. அதற்குப் பதிலாக 1927இல் வாசலைப் பிரித்து, அரண்மனையின் கிழக்குப் பக்கத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பூட்டி நிறுத்தினார்கள்.

இந்த 1927ஆம் ஆண்டின் நிலையை நிதானமாகப் பார்க்க வேண்டும். கல் அதே கல். மரம் அதே மரம். பொருளைக் காப்பதே பாதுகாப்பு என்றால் குவாங்ஹ்வாமுன் அன்று காப்பாற்றப்பட்டுவிட்டது என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் அதன் நடு வழிக்கு நேரே சிம்மாசன மண்டபம் இல்லை. முன்னால் அமைச்சகங்கள் வரிசையாக நின்ற பெருவீதி இல்லை. யாரும் அதன் வழியாக எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. கொரியப் போரில் அதன் மர மாடமும் எரிந்தது. 1968இல் அதிபர் பார்க் சுங் ஹீயின் ஆட்சியில் அது அரண்மனையின் முகப்புக்குத் திரும்பியது. மாடத்தைக் கான்கிரீட்டில் வார்த்தார்கள், பெயர்ப்பலகையை அதிபரே கொரிய எழுத்தில் எழுதினார். அப்போதும் இடம் சரியாக வாய்க்கவில்லை. பழைய இடத்திலிருந்து சில மீட்டர் உள்தள்ளியும், அரண்மனையின் நேர்கோட்டை விட்டுக் காலனி அலுவலகக் கட்டடத்துக்கு ஒத்துத் திரும்பியும் நின்றது. அந்த அலுவலகம் 1995இல் இடிக்கத் தொடங்கப்பட்டு மறைந்த பிறகும் வாசல் மட்டும் இல்லாத கட்டடத்தின் கோட்டிலேயே நின்றுகொண்டிருந்தது. 2006இன் இறுதியில் கான்கிரீட்டை அகற்றத் தொடங்கி, தரையைத் தோண்டிப் பழைய அடித்தளங்களைக் கண்டு, 14.5 மீட்டர் தெற்கே நகர்த்தி, அரண்மனை அச்சுக்குத் திருப்பி, மரத்தாலேயே எழுப்பி, 2010 ஆகஸ்ட் 15 அன்று திறந்தார்கள். பெயர்ப்பலகை சில மாதங்களில் வெடித்ததும் எந்த எழுத்தில், எந்த நிறத்தில் எழுதுவது என்ற சர்ச்சையும் செய்தித்தாள்களில் அதிக இடம் பிடித்தன. என் பார்வையில் அந்தத் திருப்பணியின் உயிர் அந்தப் பதினாலரை மீட்டரில்தான் இருக்கிறது. 2023இல் வாசலுக்கு முன்னால் அரச விழாக்கள் நடந்த உயர்மேடையையும் மீட்டார்கள். பரபரப்பான சாலையின் அடியில் புதைந்திருந்த மேடை அது. அதற்காகச் சாலையையே வளைத்தார்கள். வாசலைத் திருத்துவது என்பது அதன் முன்னும் பின்னும் உள்ள நிலத்தைத் திருத்துவதுதான் என்பதைக் கொரியர்கள் எண்பது ஆண்டுத் தவறுகளின் வழியே கண்டுகொண்டார்கள்.

புதுச்சேரியின் கதை இதற்கு நேர்மாறு. அங்கே உடல் இருந்தும் இடம் போனது. இங்கே உடல் அடியோடு போய் இடம் தங்கியது. பிரான்சுவா மர்த்தேன் 1674இல் காலூன்றிய ஊரை 1693இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். இன்றைய குறுக்கு நெடுக்கு வீதிக் கட்டம் அவர்கள் வரைந்த திட்டத்தில் வேர் கொண்டது. 1699இல் ஊர் திரும்பிக் கிடைத்ததும் மர்த்தேன் கடலோரம் ஐங்கோண வடிவில் செயின்ட் லூயிக் கோட்டையைக் கட்டினார். பிறகு வந்த ஆளுநர்கள் ஊர் முழுவதையும் மதிலால் வளைத்தார்கள்; கடல் முகத்து மதிலை, செலவை நிறுத்தச் சொன்ன பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கட்டளையையும் மீறி, ஆளுநர் துய்ப்ளே கட்டினார். அந்த மதிலின் வாசல்கள் எப்படி இயங்கின என்பதற்கு நமக்கு வாய்த்த பெரும் சாட்சி, பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736இலிருந்து 1761 ஜனவரி வரை அவர் எழுதிவைத்த பக்கங்களில், யார் ஊருக்குள் வந்தார்கள், எந்த வாசலில் யார் எதிர்கொண்டு அழைத்தார்கள், எத்தனை பீரங்கி போட்டார்கள் என்பதெல்லாம் வருகின்றன. பிள்ளையவர்கள் வாசலின் வேலைப்பாட்டை வர்ணித்துக்கொண்டு நிற்பவர் அல்லர். அவர் கண்ணுக்கு வாசல் என்பது மரியாதையும் அதிகாரமும் அளக்கப்படும் இடம்.

இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்தால் அந்த அளவீடு எவ்வளவு கடுமையானது என்பது விளங்கும். 1740 மே மாதம் தாமலச்செருவுக் கணவாயில் மராட்டியரோடு நடந்த போரில் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி மாண்டார். அவருடைய விதவையும் குடும்பத்தாரும் யானை, ஒட்டகம், மாட்டுவண்டி என்று பெரும் பரிவாரத்தோடு வழுதாவூர் வாசலுக்கு முன்னால் வந்து அடைக்கலம் கேட்டார்கள். கதவைத் திறந்தால் மராட்டியர் பகை. திறக்காவிட்டால் நவாப் குடும்பத்தின் நட்பு போகும், மானமும் போகும். ஆளுநர் துய்மா ஆலோசனைச் சபையைக் கூட்டிக் கேட்டு, கதவைத் திறந்து, தாமே போய் மரியாதையோடு அழைத்துவந்தார். தென்னிந்திய அரசியலில் பிரெஞ்சுக்காரர்களின் மதிப்பு உயர்ந்ததற்கு இந்த ஒரு செயலை வரலாற்றாசிரியர்கள் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். இருபது ஆண்டு கழித்து, 1760 நவம்பரில், ஆங்கிலத் தளபதி அயர் கூட் ஊரை முற்றுகையிட்டிருந்தார். தானியம் தீர்ந்துகொண்டிருந்தது. பிரெஞ்சுத் தளபதி லாலி ஊரிலிருந்த சுதேசிகளில் ஏறத்தாழ 1,400 பேரை, ஆண் பெண் குழந்தை என்று பாராமல், வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவை அடைத்தார். முற்றுகைப் படை அவர்களை அப்பால் போகவிடவில்லை; திரும்பி வந்தால் மதில்மேலிருந்து சுட்டார்கள். வேர்களைப் பிடுங்கித் தின்றுகொண்டு எட்டு நாள் அவர்கள் மதிலுக்கும் படைக்கும் நடுவே கிடந்த பிறகுதான் ஆங்கிலேயர் வழிவிட்டார்கள். நவாபின் விதவைக்கு வாசல் திறந்த ஊர், தன் மதிலுக்குள் வாழ்ந்த எளியவர்களுக்கு அதை அடைத்தது. அந்த வாசல்களைப் பற்றி எழுதுகிறவர் வளைவின் அழகை எழுதிவிட்டு இந்த எட்டு நாளை விட்டுவிடக் கூடாது.

1761 ஜனவரி நடுவில் ஊர் சரணடைந்தது. பிள்ளை அதற்குச் சில நாள் முன்புதான் கண்ணை மூடியிருந்தார். 1758இல் லாலி தங்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைத் தரைமட்டமாக்கியதற்குப் பழிவாங்குவதுபோல, ஆங்கிலேயர் புதுச்சேரியின் கோட்டையையும் மதிலையும் வாசல்களையும், துய்ப்ளே கட்டிய ஆளுநர் மாளிகையையும் வெடிவைத்துப் பெயர்த்தார்கள். 1765இல் திரும்பி வந்த பிரெஞ்சு ஆளுநர் லோ தெ லோரிஸ்தோன் இடிபாட்டு மேடுகளின்மேல்தான் ஊரை மறுபடி எழுப்பினார். அவர் பழைய வீதிக் கோடுகளையே பின்பற்றியது பின்னாலுள்ள எல்லாவற்றுக்கும் அடிப்படை. மதில் மறுபடி எழுந்தது. 1778 முற்றுகைக்குப் பின் மறுபடி இடிந்தது. 1793இலும் ஊர் வீழ்ந்தது. 1814ஆம் ஆண்டு உடன்படிக்கை இந்தியாவில் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டை கொத்தளம் எதுவும் கட்டக் கூடாது என்று விதித்ததால், 1816இல் ஊர் கடைசியாகக் கைக்கு வந்தபோது மதிலுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. மதில் நின்ற வளையம் மரநிழல் சாலையாயிற்று. வாசல்களிலிருந்து புறப்பட்ட வழிகள் மட்டும் மாறவில்லை. வழுதாவூர் சாலை இன்றும் வழுதாவூருக்குத்தான் போகிறது. கடலூர் சாலை கடலூருக்கு. வாசலுக்கு அது நோக்கும் ஊரின் பெயரை இடுவது நம் பக்கத்து வழக்கம். செஞ்சிக் கோட்டையின் கிழக்கு வாசலுக்குப் புதுச்சேரி வாசல் என்றும் வடக்கு வாசலுக்கு ஆற்காட்டு வாசல் என்றும் பெயர் நிலைத்திருக்கிறது. அரண்மனை வாசல் மன்னரைப் பார்த்து நிற்கிறது. ஊர்வாசல் பக்கத்து ஊரைப் பார்த்து நிற்கிறது. ஆகவே ஊர்வாசலைப் பொறுத்தவரை சாலை உயிரோடிருப்பது இன்னும் கூடுதலாகப் பொருள்படும்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். நாற்சந்தி நாற்சந்திதான், அங்கே யாரையும் நிறுத்துவதில்லை, சோதிப்பதில்லை, தீர்வை வாங்குவதில்லை, அதை வாசல் என்பது வெறும் ஏக்கம் என்பார்கள். நிறுத்துவதும் சோதிப்பதும் தீர்வை வாங்குவதும் வாசலின் வேலை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த வேலை நின்றுவிடவில்லை. அதே சாலைகளின் வழியே வெளியே நகர்ந்தது. பிரெஞ்சு இந்தியாவின் சுங்கச் சாவடிகள் இந்தச் சாலைகளின்மேல்தான் நின்றன. விடுதலைப் போராட்டத்தின் இறுதி ஆண்டுகளில் எல்லைச் சோதனையும் பொருள் தட்டுப்பாடும் ஊரை நெருக்கியது இவற்றின் வழியேதான். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு நடந்து, நவம்பர் 1இல் ஆட்சி கைமாறிய பிறகும் அந்த வேலை முழுக்க மறையவில்லை. கோரிமேட்டிலும் முள்ளோடையிலும் மதுபாட்டிலுக்காக இன்றும் பையைத் திறந்து பார்க்கிறார்கள். வாசலின் அதிகாரம் எல்லைக்குப் போனது. வாசலின் வரவேற்பு, அதாவது வெளியூர்ச் சரக்கும் வெளியூர் ஆளும் ஊரோடு கலக்கும் வேலை, உள்ளே மார்க்கெட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு பெரிய மார்க்கெட்டை ஒட்டி ரங்கப்பிள்ளை வீதியில் நிற்பது இதற்குப் பொருத்தமான அடையாளம். 1738 வாக்கில் கட்டி முடிந்த அந்த வீட்டில் கீழ்த்தளம் மரத்தூண்களோடு தமிழ் வீடு. மேல்தளம் சுண்ணாம்புப் பூச்சுத் தூண்களோடு ஐரோப்பிய மாடம். துபாஷி ஒருவரின் வீடு வேறெப்படி இருக்க முடியும்?

இதைவிட வலுவான மறுப்பு வேதபுரீசுவரர் கோயிலை முன்வைத்து வரலாம். 1748 முற்றுகையின்போது அந்தக் கோயில் இடிக்கப்பட்டது. பிள்ளை அதை மனம் நொந்து எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் கோயில் வேறிடத்தில், இன்றைய காந்தி வீதியில் எழுந்தது. இடம் மாறியதால் அது வேதபுரீசுவரர் கோயில் இல்லை என்று யாரும் சொல்வதில்லையே, வாசலுக்கு மட்டும் ஏன் இந்த விதி? கோயிலுக்குள் மூர்த்தி இருக்கிறார். அவர் எழுந்தருளும் இடம் கோயிலாகிறது. வாசலுக்குள் எதுவும் இல்லை. உள்ளும் புறமும் சேரும் கோட்டில் நிற்பதுதான் அதன் முழு உள்ளடக்கம். அதனால் இடமாற்றம் கோயிலைக் காயப்படுத்தும், வாசலையோ கொன்றுவிடும். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செஞ்சிக் கற்றூண்களைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1750இல் செஞ்சியைப் பிடித்த பிறகு அங்கிருந்து கொண்டுவந்தவை. வெங்கடரமணர் கோயில் மண்டபத்தில் இருந்தவை என்பார்கள். உயரமும் செதுக்கலும் குறைவில்லாமல் இருக்கின்றன. அவை எந்த உத்தரத்தைத் தாங்கின, யாருக்கு நிழல் தந்தன என்பது மட்டும் அவற்றைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத ஒன்றாகிவிட்டது. பாரதி பூங்காவிலுள்ள ஆயி மண்டபமும் உருவத்தில் வெற்றி வளைவுதான். புதுச்சேரி அரசின் சின்னமும் அதுவே. ஊருக்குக் குடிநீர் வந்ததன் நினைவாக நிற்கிற அதை நீர் மண்டபம் என்று போற்றுவதே முறை. அதை ஊர்வாசல் என்று யாரும் மயங்குவதில்லை, எந்த வழியும் அதன் ஊடாகப் போகவில்லை என்பதால்.

அப்படியானால் வில்லியநல்லூர் வாசலை அதே இடத்தில், பழைய வரைபடங்களைப் பார்த்து, மறுபடி கட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சியோல்காரர்கள் கட்டினார்கள், புதுச்சேரியிலேயே 2014 நவம்பர் மழையில் சரிந்த மேரி (நகராட்சி மன்றக்) கட்டடம் பழைய தோற்றத்திலேயே எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. மேரி கட்டடம் மறுபடி எழுந்ததை நான் வரவேற்கிறேன். ஊரார் பார்த்துப் பழகிய முகப்பு அது, அதே நிலத்தில், அதே கடலைப் பார்த்து, சரிந்த ஏழாண்டுக்குள் எழுந்தது, இடைவெளி பெரிதாகவில்லை. குவாங்ஹ்வாமுன் எழுந்ததற்கும் காரணம் உண்டு: வாசலுக்குப் பின்னால் அரண்மனை இருக்கிறது, சிம்மாசன மண்டபம் அதே அச்சில் நிற்கிறது, வாசல் அந்த அச்சின் விடுபட்ட புள்ளி. வில்லியநல்லூர் வாசலுக்கு இருபுறமும் மதில் இல்லை, அகழி இல்லை. அண்ணா சாலையில் தனியாக ஒரு வளைவை நிறுத்தினால் அது மாநாட்டு வளைவுகளோடு ஒன்றாகும். அதோடு எந்த வாசலைக் கட்டுவது? 1740இல் திறந்ததையா, 1760இல் அடைத்ததையா? கட்டுவதைவிடத் தோண்டுவதில் பயன் அதிகம். அந்த வளையச் சாலைகளில் வடிகாலுக்கும் குழாய்க்கும் பள்ளம் எடுக்கும்போதெல்லாம் தொல்லியல் தெரிந்த ஒருவர் அருகில் நின்று, மதிலின் அடிச்சுவர் தென்பட்டால் அளந்து குறித்துக்கொள்வது பெரிய செலவில்லாத காரியம். சியோலில் வாசலின் சரியான இடத்தைச் சொன்னது மண்தானே.

வைசியாள் வீதியில் நடந்ததும் இந்த நோக்குக்கு ஆதரவாக இருக்கிறது. பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு நகராட்சியோடு சேர்ந்து இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தெருவில் மீட்டது பெரும்பாலும் வீடுகளின் தெருமுகத்தைத்தான்: வழிப்போக்கர் ஒதுங்கத் தெருவை ஒட்டி இறக்கிய தாழ்வாரம், அதன் பின்னே திண்ணை, அதற்கும் பின்னே செதுக்கிய கதவு. பிரெஞ்சுப் பகுதியின் வீடு உயர்ந்த சுற்றுச்சுவரையும் அதில் ஒரு கதவையும் தெருவுக்குக் காட்டி, தன்னை உள்ளே வைத்துக்கொள்ளும். தமிழ்ப் பகுதியின் வீடோ உள்ளேயும் இல்லாத வெளியேயும் இல்லாத நாலடி அகல நிழலைத் தெருவுக்கு ஒதுக்கிவிட்டுத் தொடங்கும். அந்த நாலடியைக் காத்ததற்குத்தான் 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாராட்டு கிடைத்தது. ஒவ்வொரு வீட்டின் உட்புறமும் அப்படியே இருக்க வேண்டும் என்று யாரும் வற்புறுத்தவில்லை. வீடும் தெருவும் சந்திக்கும் கோட்டைக் காத்தார்கள், தெரு தன் குணத்தோடு நின்றது.

பெரிய மார்க்கெட்டுக்கு இதே அளவுகோலைப் பொருத்துவோம். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் மார்க்கெட்டை இடித்துப் புதிதாகக் கட்டும் யோசனை வந்தபோது வியாபாரிகள் எதிர்த்தார்கள். பகுதி பகுதியாகப் பழுது பார்த்தால் போதும் என்றார்கள். இடிக்க வேண்டும் என்போர் சொல்வது பொய்யல்ல. கூரை ஒழுகுகிறது, மீன் அலசிய தண்ணீர் போக வழி போதவில்லை, மின்கம்பிகள் தொங்கும் சந்தில் தீப்பிடித்தால் வண்டி நுழைய முடியாது. அங்கே நாள் முழுக்க உட்கார்ந்து விற்கும் பெண்களுக்குக் கழிப்பறையும் குடிநீரும் கொடுக்காமல் பாரம்பரியம் பேசுவது அநியாயம். இவற்றையெல்லாம் செய்தே ஆக வேண்டும். மறுதரப்பில், அங்குள்ள மணிக்கூண்டைக் காத்தால் மார்க்கெட்டைக் காத்ததாகும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். மணிக்கூண்டு இருக்கட்டும், ஆனால் மார்க்கெட்டின் உயிர்நிலை அது அல்ல. நேரு வீதிப் பக்கத்திலிருந்தும் ரங்கப்பிள்ளை வீதிப் பக்கத்திலிருந்தும் நடந்துவருகிறவர் எவ்வித ஏற்ற இறக்கமும் இல்லாமல் தெருத் தரையிலிருந்தே உள்ளே நுழைந்துவிடும் வழிகள்தான் உயிர்நிலை. தலைச்சுமைக் கூடையோடு வரும் பூக்காரியும், ஒரு கையில் குழந்தையும் மறு கையில் பையுமாக வருபவரும் ஒரே வழியில் போவது அந்த நுழைவுகள் அப்படி இருப்பதால். இதே கடைகளை மாடியில் அடுக்கி, கீழே வண்டி நிறுத்த இடம் விட்டு, பாதுகாவலர் நிற்கும் ஒரே முகப்பு வைத்தால், பழைய கம்பித் தூண்களையும் வளைவுகளையும் எவ்வளவு அழகாக மீட்டு ஒட்டவைத்தாலும், 1927இல் கிழக்கே நகர்த்திய குவாங்ஹ்வாமுன்னின் நிலைதான் அதற்கும்.

ஆகவே வரைபடம் போடும் பொறியாளர்களிடம் முதலில் கேட்க வேண்டியது கூரையின் உயரத்தையோ முகப்பின் நிறத்தையோ அல்ல. இப்போதுள்ள ஒவ்வொரு நுழைவழியும் எந்த வீதியிலிருந்து புறப்பட்டு எந்தச் சந்தில் முடிகிறது, அதன் அகலம் எவ்வளவு, தரைமட்டம் வீதியோடு எவ்வளவு ஒத்திருக்கிறது, எந்த வழியோரத்தில் பூ, எதில் காய்கறி, எதில் கருவாடு, கடையில்லாமல் தரையில் சாக்கு விரித்து விற்பவர்களின் இடம் எது என்பதை அளந்து ஒரு வரைபடமாக எழுதி, வியாபாரிகளிடமும் கூடைக்காரர்களிடமும் காட்டிச் சரிபார்க்க வேண்டும். அந்த வரைபடத்தை ஒப்பந்தப் புள்ளியோடு இணைத்து, கட்டடம் எதுவானாலும் இந்த வழிகளும் தரைமட்டமும் மாறக் கூடாது என்பதை ஒப்பந்த விதியாகவே எழுதலாம். சாக்கு விரித்து விற்பவர்களின் பெயர் அதில் கட்டாயம் இடம்பெற வேண்டும். வாடகைச் சீட்டு இல்லாத காரணத்தால் புதிய கட்டடங்களின் வாசலில் முதலில் நிறுத்தப்படுகிறவர்கள் அவர்கள்தான்.